கிராம முகாமை நடத்துவது எப்படி: சமூகப்பணி சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைத் துறையில் புதிதாகச் சேரும் ஆசிரியர் கைக்கு முதலில் வரும் பெரிய பொறுப்பு கிராம முகாம், அதாவது மாணவர்களை ஒரு ஊரில் சில நாள் தங்கவைத்துக் களப்பணி கற்றுக்கொடுப்பது. வகுப்பு எடுப்பதற்குப் புத்தகம் இருக்கிறது. முகாமுக்கு அப்படி எதுவும் இல்லை. துறையில் ஒரு பழைய ஃபைல் இருக்கும். அதில் போன வருஷத்து பட்ஜெட், தொடக்க விழா அழைப்பிதழ், நாலைந்து போட்டோ. அதை வைத்துக்கொண்டு நடத்தினால் போன வருஷத்து முகாமே இன்னொரு ஊரில் நடக்கும், அவ்வளவுதான். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்து இப்போது ஆசிரியர்களாக இருக்கிற பிள்ளைகள் நவம்பர், டிசம்பர் ஆனால் போன் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஊரில் தங்குகிற ஏழு நாளோ பத்து நாளோ முகாமின் நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு முன்னால் மூன்று மாத வேலை, பின்னால் ஒரு வருஷ வேலை இருக்கிறது. தங்கும் நாட்களை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள். முன்னாலும் பின்னாலும் உள்ளது ஆசிரியருடையது. அதைச் செய்யாமல் மாணவர்களைக் கூட்டிப்போய் இறக்கிவிடுவதை நான் முகாம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் நாட்டில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. நாக்பாடாவில் ஏழைகளுக்கான சமூக மையம் நடத்தி வந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் முன்னின்று, டாட்டா அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கினார். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். இரண்டுமே நகரத்தில் பிறந்தவை. ஆலைத் தொழிலாளி, ஆஸ்பத்திரி, குடிசைப் பகுதி, சிறுவர் இல்லம் என்று பாடத்திட்டமும் அதற்கேற்றபடி அமைந்தது. கேஸ் ஒர்க் (தனி ஆளோடு செய்யும் வேலை), குரூப் ஒர்க் (குழுவோடு செய்யும் வேலை) என்ற முறைகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நல்ல முறைகள்தான், நானும் அவற்றைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் கேஸ் ஒர்க் புத்தகங்கள் பெரும்பாலும் தனி அறையில், மூடிய கதவுக்குப் பின்னால், ஒருவர் தன் கஷ்டத்தை இன்னொருவரிடம் சொல்வதை வைத்தே பேசும். திண்ணையில் மாமியார், கொழுந்தன், பக்கத்து வீட்டுக்காரி மூன்று பேரும் உட்கார்ந்திருக்க ஒரு மருமகளிடம் எப்படிப் பேசுவது என்று அந்தப் புத்தகங்களில் இருக்காது.

கிராமத்து வேலை நம் பக்கம் வேறு வாசல் வழியாக வந்தது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஊரகப் புனரமைப்பு மையம் அதில் ஒன்று. மார்த்தாண்டம் தேன் என்று இன்றைக்கும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தேனீ வளர்ப்பு அங்கே பரவியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்று திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம். டி.வி.எஸ். குடும்பத்து மகளும் மருத்துவருமான சௌந்தரம் அம்மாவும் அவர் கணவர் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கினார்கள். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஆனது. நான் பிறந்தது சின்னாளபட்டியில், நெசவாளர் வீட்டில். காந்திகிராமம் எங்களுக்கு நடந்துபோகிற தூரம். பிரசவத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் கஸ்தூரிபா ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். படித்த பெண் ஊருக்குள் வந்து வேலை செய்வது சின்ன வயதிலேயே எனக்கு இயல்பான காட்சியாக இருந்தது.

மாணவர்களுக்கு முதல் வாரமே இந்த இரண்டு வழிகளையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுங்கள். திண்டுக்கல் மாவட்டம் அய்யன்கோட்டையில் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அவரும் அவர் கணவரும் தங்கள் வேலையைக் கீழத்தஞ்சைக்கு மாற்றிக்கொண்டார்கள். 1981இல் லாஃப்டி (உழுபவர்களின் விடுதலைக்கு நிலம்) என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதாரிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலத்தை வாங்கி, கூலி வேலை செய்த பெண்கள் பேரில் பத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். சமுதாய அமைப்பாக்கம் என்று பாடத்தில் ஒரு தாள் இருக்கிறதே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வெளிநாட்டு உதாரணங்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

துறைத் தலைவருக்குத் தெரிந்த ஊர், தாளாளரின் சொந்த ஊர், பஸ் வசதியுள்ள ஊர் என்று மூன்று ஊர்கள் தானாக வந்து நிற்கும். மூன்றையும் மரியாதையாக ஒதுக்கிவையுங்கள். யாருக்காவது சொந்தமான ஊரில் முகாம் போட்டால் அவருடைய வீட்டுக்கு விருந்தாளியாகப் போன மாதிரிதான் ஊர் உங்களைப் பார்க்கும். எதிர்த் தெருவிலிருந்து ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார்.

நான் பார்ப்பது இவைதான். கல்லூரியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் ஒரு வருஷம் நீங்கள் போய்வர வேண்டும். இருநூறு முந்நூறு வீடுகள் போதும். அதற்கு மேல் போனால் மாணவர்கள் எல்லா வீட்டுக்கும் போய்க் கணக்கெடுக்க முடியாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை மூன்றும் அந்த ஊரிலேயே இருந்தால் நல்லது, மாணவர்கள் உட்கார்ந்து கவனிக்க இடம் கிடைக்கும். மானாவாரி ஊராக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்ப் பாசன ஊரில் ஆட்களுக்கு நேரம் இருப்பதில்லை.

மாதம் தை நடுப்பகுதி அல்லது மாசி. அறுவடை முடிந்திருக்கும், பங்குனி சித்திரைத் திருவிழா வேலைகள் தொடங்கியிருக்காது. பள்ளியில் பொதுத்தேர்வுக்கு முன்பான நாட்கள் என்பதால் கட்டிடம் கிடைப்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஊருக்கு முதல்முறை போகும்போது தனியாகப் போங்கள், கல்லூரி வண்டி வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரையும் தேடாமல் ஊரைச் சுற்றி நடந்துவிட வேண்டும். தெருவிளக்கு எந்த வீட்டோடு நிற்கிறது, சிமெண்ட் ரோடு எங்கே மண் ரோடாகிறது, மேல்நிலைத் தொட்டி எந்தப் பக்கம், குழாயில் தண்ணீர் கடைசியாக வரும் தெரு எது, சுடுகாட்டுக்கு எத்தனை வழி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர், பட்டியலின மக்கள் வசிக்கும் காலனி என்று இரண்டாகத்தான் இருக்கும். சில இடங்களில் மூன்றாகவும் இருக்கும். பட்டியலின மக்களிலேயே ஒரு சமூகம் தனித் தெருவில், இன்னும் தள்ளி இருக்கும். அந்தத் தெருவைப் பார்க்காமல் திரும்பிவிட்டால் உங்கள் முகாமும் அந்தத் தெருவுக்குப் போகாது.

பிறகுதான் ஆட்களைப் பார்ப்பது. ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர், வி.ஏ.ஓ., தலைமையாசிரியர் என்று அலுவல் வரிசை ஒன்று உண்டு. அதை மதிக்க வேண்டும், அனுமதிக் கடிதமும் அங்கிருந்துதான் வரும். தலைவர் பெண்ணாக இருந்து அவர் வீட்டுக்காரர் வந்து பேசினால், "அம்மாவையும் பாத்துட்டுப் போறேங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாத்தானே முறை" என்று சொல்லி உள்ளே போய் உட்காருங்கள். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கிற நேரமென்றால் யூனியன் ஆபீஸில் பி.டி.ஓ.வை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரை, பார்க்க வேண்டும். ஆனால் ஊரை உண்மையில் தெரிந்தவர்கள் மூன்று பேர்: அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுவின் கணக்கு எழுதும் பெண். எந்த வீட்டில் குழந்தைக்கு எடை குறைவு, எந்த வீட்டில் பெண் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை, எந்த வீட்டில் கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று இவர்களுக்குத் தெரியும். உடனே சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது முறை போகும்போது சொல்வார்கள். முன்கூட்டியே மூன்று மாதம் வேண்டும் என்று நான் கேட்பது இதற்குத்தான்.

தங்கும் இடமும் சாப்பாடும்

இதை நிர்வாக வேலை என்று அலுவலக உதவியாளரிடம் விட்டுவிடாதீர்கள். முகாமின் பாடத்தில் பாதி இங்கே இருக்கிறது.

இடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரண்டு பக்கத்து ஆட்களும் தயங்காமல் வந்துபோகக்கூடியதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பள்ளிக்கூடமாக இருக்கும். கோயில் மண்டபம் வேண்டவே வேண்டாம், அங்கே யாருக்கு அனுமதி இல்லை என்பது உங்களுக்குச் சொல்லப்படாமலே நடக்கும். மாணவிகளுக்குக் கழிப்பறை, கதவுத் தாழ்ப்பாள், இரவு விளக்கு, தண்ணீர் இந்த நாலையும் நீங்களே நேரில் போய்ச் சோதியுங்கள். ஒரு பெண் ஆசிரியர் கூடவே தங்க வேண்டும். மாதவிடாய்த் துணிகளை, நாப்கின்களை எங்கே அப்புறப்படுத்துவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஆண் ஆசிரியர்கள் இதைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டால் சீனியர் மாணவி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம்.

சமையலை மாணவர்களே முறை வைத்துச் செய்ய வேண்டும், ஆணும் பெண்ணும் சமமாக. மளிகையை டவுனிலிருந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த ஊர்ப் பெட்டிக்கடையில் வாங்குங்கள், காய்கறியைக் காட்டில் போட்டிருப்பவர்களிடமே வாங்குங்கள். உதவிக்கு ஒரு பெண்ணைக் கூலிக்கு வைப்பதாக இருந்தால், காலனியிலிருந்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அதனால் ஊர்ப் பெரியவர்கள் சிலர் உங்கள் பந்தியில் சாப்பிடாமல் போகலாம். அதை மாணவர்கள் பார்க்கட்டும். அன்றைக்கு இரவு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதல் நாள் பெரிய வீட்டிலிருந்து விருந்துக்கு அழைப்பு வரும். மறுக்கவும் கூடாது, முதலில் அங்கே போகவும் கூடாது. "கண்டிப்பா வர்றோங்கய்யா, வேலையெல்லாம் முடியட்டும், கடைசி நாள் வர்றோம்" என்று தள்ளிவையுங்கள். முதல் தண்ணீரும் முதல் டீயும் எந்தத் தெருவில் குடித்தீர்கள் என்று ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும்.

தரையில் வரைகிற வரைபடம்

பி.ஆர்.ஏ., அதாவது பங்கேற்பு ஊரக மதிப்பீடு, என்று பாடத்தில் இருக்கும். 1980களின் கடைசியில் ராபர்ட் சேம்பர்ஸும் கர்நாடகத்தில் மைராடா தொண்டு நிறுவனத்தாரும் சேர்ந்து நிறைய வளர்த்தெடுத்த முறை. ஊர்க்காரர்களே தங்கள் ஊரை வரைவது, வரிசைப்படுத்துவது, பேசி முடிவெடுப்பது. இதைச் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனா வைத்து மாணவர்கள் வரைந்து கொண்டுவந்து மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. மாணவர் கையில் பேனா இருக்கும்வரை அது மாணவர் வரைந்த படம்தான்.

செய்கிற விதம் இது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், நிழல் விழுந்த பிறகு, தண்ணீர் தெளித்த தரையைத் தேர்ந்தெடுங்கள். கோலப்பொடி, செங்கல் பொடி, கொஞ்சம் புளியங்கொட்டை, வேப்பிலை. ஒரு பாட்டியிடம் கோலப்பொடியைக் கொடுத்து, "ஆத்தா, நாங்க புதுசு, இந்த ஊருக்குள்ள வழி தெரியாம நிக்கிறோம், கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு மாணவர்களை இரண்டடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஒரு கோடு விழும், அது பஸ் வரும் ரோடு. பிறகு யாராவது, "ஏ, அது அந்தப் பக்கமா இருக்கு?" என்று உட்கார்ந்து அழித்துத் திருத்துவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்கு அங்கே வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு ஊரில் ஆண்கள் வரைந்த படத்தையும் பெண்கள் வரைந்த படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். ஆண்கள் படத்தில் டீக்கடை, பஸ் ஸ்டாப், கோயில், மந்தை, கண்மாய், அவரவர் தோட்டத்துப் போர் எல்லாம் துல்லியமாக இருந்தன. பெண்கள் படத்தில் அந்த டீக்கடையே இல்லை. குழாயடி நாலு இருந்தது, நாலில் எதில் தண்ணீர் வரும் எதில் வராது என்று புளியங்கொட்டை வைத்துக் காட்டினார்கள். விறகு பொறுக்கும் காடு இருந்தது. இருட்டில் ஒதுங்கப் போகும் கருவேலங்காடு இருந்தது, அதற்குப் போகும் பாதையில் ஒரு இடத்தைச் செங்கல் பொடியால் சுழித்து வைத்தார்கள். என்ன அது என்று ஒரு மாணவி கேட்டாள். "அங்கன பயலுக உக்காந்து குடிப்பாங்க. பொம்பளப்புள்ளைக தனியாப் போறதில்ல" என்றார் ஒரு அம்மா. அடுத்த கிராம சபையில் அந்த இடத்துக்குத் தெருவிளக்கு கேட்டு முதல் தீர்மானம் வந்தது. எந்தக் கணக்கெடுப்புக் கேள்வித்தாளிலும் அந்தச் செங்கல் பொடிச் சுழி வந்திருக்காது.

காலனியில் தனியாக இன்னொரு படம் வரைய வேண்டும், அங்கேயே, அவர்கள் தரையில். பொதுவான இடம் என்று நீங்கள் நினைக்கும் மந்தையில் காலனிப் பெண்கள் உட்காருவதில்லை. வரைந்து முடித்ததும் ஒரு மாணவர் அப்படியே நோட்டில் பார்த்து வரைந்துகொள்ளட்டும். வரைந்தவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் போட்டோ.

என்ன வேலை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

ஊர்க்காரர்கள் திண்ணையில் இருந்து பார்க்க, மாணவர்கள் தெருக் கூட்டுவது சிரமதானம் (ஊருக்காகச் சேர்ந்து செய்யும் உடலுழைப்பு) ஆகாது. ஊர் ஆட்கள் சேர்ந்து இறங்குகிற வேலையாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். வரத்து வாய்க்காலில் சீமைக்கருவேலம் வெட்டுவது அப்படிப்பட்டது, நிலம் வைத்திருப்பவர்களும் அரிவாளோடு வந்துவிடுவார்கள். மரக்கன்று நடுவதைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. மாசியில் நட்டு நீங்கள் கிளம்பிவிட்டால் சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது? ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீடு பொறுப்பேற்றால் நடுங்கள். பத்துக் கன்றுக்குத்தான் பத்து வீடு கிடைத்ததென்றால் பத்தோடு நிறுத்துங்கள்.

மருத்துவ முகாமில் மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு முடிந்தால் பயனில்லை. கண் முகாம் நல்லது, ஏனென்றால் அதில் அடுத்த படி இருக்கிறது. மதுரை அரவிந்த் மருத்துவமனை போன்ற இடங்கள் கண்புரை இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, பஸ்ஸில் கூட்டிப்போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும் முறையைப் பல வருஷமாக நடத்துகின்றன. தேர்வானவர்களில் யார் வர மறுத்தார்கள், ஏன் என்று கேட்டு எழுதுவதுதான் மாணவர்களின் வேலை. ஆட்டைப் பார்க்க ஆள் இல்லை என்பது பெரும்பாலும் பதிலாக வரும். அந்த ஆட்டுக்கு ஏற்பாடு செய்வதும் சமூகப்பணிதான். கால்நடை முகாம் போட்டால் மனித மருத்துவ முகாமைவிடக் கூட்டம் வரும், குறிப்பாக ஆண்கள் வருவார்கள். அவர்களோடு பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மனு எழுதுவது இன்னொன்று. முதியோர் பணம், விதவைப் பணம், மாற்றுத்திறனாளி அட்டை, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது நின்றுபோயிருக்கும். எழுதும் ஒவ்வொரு மனுவையும் ஒரு மனு நோட்டில் பதிந்து, எதிரே ஒரு கட்டம் காலியாக விடுங்கள். மாணவர்கள் மனுவை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. இ-சேவை மையத்தில் பதிவதில் தொடங்கி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வரை எந்த மேசையில் என்ன நடக்கிறது என்று ஒரு மனுவோடாவது ஒரு மாணவர் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும். ஒரு விதவையின் மனு, கணவர் இறப்புச் சான்றிதழில் ஒரு பேரும் ரேஷன் கார்டில் இன்னொரு பேரும் இருந்ததால் நின்றுகிடந்தது. முத்து என்றும் முத்துச்சாமி என்றும் ஒரே ஆளுக்கு இரண்டு பேர். அதைச் சரிசெய்ய என்னென்ன தாள் வேண்டியிருந்தது என்று அந்த மாணவன் எழுதிய ரிப்போர்ட்டைத் துறையில் பல வருஷம் பாடமாக வைத்திருந்தேன். சமூகநலக் கொள்கை பற்றிய தாளில் நான் எடுத்த எந்த வகுப்பும் அந்த அளவுக்கு மாணவர்கள் மனதில் நின்றதில்லை.

முடிந்தால் முகாமின் ஒரு நாள் ஜனவரி 26ஆம் தேதியில் வரும்படி பாருங்கள். அன்றைக்குக் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்தவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டங்கள். மாணவர்கள் மைக் பிடித்துப் பேசக் கூடாது. அது அந்த ஊர் வாக்காளர்களின் சபை. பின்னால் உட்கார்ந்து, யார் பேசினார்கள், யார் பேச எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது, கையெழுத்து எப்போது வாங்கப்பட்டது என்று கவனிக்கட்டும்.

இரவு டைரி

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எல்லோரும் எழுத வேண்டும், பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். களைப்பாக இருக்கும், தூக்கம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்களும் எழுதுங்கள்.

"இந்த வீட்டில் கழிப்பறை இருந்தும் விழிப்புணர்வு இல்லாததால் பயன்படுத்துவதில்லை" என்று ஒரு மாணவர் எழுதியிருப்பார். மறுநாள் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டத்தில் கட்டிய கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருக்கும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, குழி ஆழமில்லை, நிரம்பினால் அள்ள வண்டி வராது, வீட்டில் ஆறு பேர். இத்தனையும் தெரிந்த பிறகு அந்த அம்மா எடுத்த முடிவு சரியான முடிவாகத் தெரியும். பார்த்தது எது, கேட்டது எது, தான் நினைத்தது எது என்று மூன்றையும் பிரித்து எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒரு மாணவருக்கு இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் முகாமுக்குச் செலவழித்த பணம் ஈடாகிவிட்டது.

சில விஷயங்கள் டைரியில் வரக்கூடாது. பதினைந்து வயசுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று ஒரு மாணவி வந்து சொன்னால், அவளை அந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்பாதீர்கள், அவளாக யாரிடமும் வாதாடவும் விடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நீங்கள் பேசுங்கள். தகவல் எந்த மாணவியிடமிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியக்கூடாது, எந்த வீட்டுப் பெண் சொன்னாள் என்பது அதைவிட முக்கியமாகத் தெரியக்கூடாது. நீங்கள் பத்தாம் நாள் கிளம்பிவிடுவீர்கள், அவள் அங்கேதான் இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

முதுகலை, நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு நடுவில் களத்தில் சில வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். நான் 1990களில் மகளிர் குழுக்களில் வேலை பார்த்தேன். 1989இல் தருமபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐ.எஃப்.ஏ.டி. உதவியோடு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் மற்ற மாவட்டங்களுக்குப் பரவிக்கொண்டிருந்த காலம். இரவு ஏழு மணிக்கு மேல்தான் கூட்டம், பெண்கள் வேலை முடித்து வர வேண்டுமே. அரிக்கேன் வெளிச்சத்தில் இருபது ரூபாய் சேமிப்பைக் கணக்கெழுதும்போது ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுக்கக் கண்ணுக்கு முன் வந்துவிடும். வகுப்பில் வறுமை என்று நான் சொன்னபோதெல்லாம் அந்தக் கணக்கு நோட்டுதான் மனதில் இருந்தது.

இப்போது அப்படிப்பட்ட களவேலை கிடைப்பது குறைந்திருக்கிறது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள், ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பதையும் தடுத்துவிட்டார்கள். சின்ன ஊர்களில் இருந்த சின்ன அமைப்புகளுக்குத்தான் முதல் அடி. குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மகளிர் திட்டம், ஆஸ்பத்திரி, பள்ளி ஆலோசகர் போன்ற இடங்களில் ஒப்பந்தப் பணிகள் இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று வருஷம் இருந்தாலும் போதும். சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் குறைவு, களப்பணி நாட்களில் பஸ் செலவுகூடச் சொந்தக் கைக்காசு என்று இருக்கும் இடங்கள் உண்டு. சேரும்போதே களப்பணிக்கான பயணப்படியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வாரத்தில் மாணவர் களத்துக்குப் போகும் இரண்டு நாளும் ஆசிரியரும் ஏதாவது ஒரு களத்தில் இருந்தாக வேண்டும், துறை அறையில் இருந்தபடி ரிப்போர்ட் திருத்துவதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்த பிறகு

கடைசி நாள் கலைநிகழ்ச்சி, பரிசளிப்பு எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். அதற்கு முந்தின நாள் ஊர்க்கூட்டம் ஒன்று போட்டு, கண்டதை ஊருக்கே சொல்லிவிட வேண்டும். எத்தனை வீடு, எத்தனை மனு, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று வாசித்து, தப்பு இருந்தால் அங்கேயே திருத்துங்கள். யார் வீட்டுக் கஷ்டமும் பேரோடு வரக்கூடாது.

ஊரை விட்டு வந்ததும் மாணவர்கள் தேர்வு, ரிப்போர்ட், வைவா என்று போய்விடுவார்கள். இங்கிருந்து உங்கள் வேலை. மாதம் ஒருமுறை அந்த ஊருக்குப் போங்கள், கான்கரண்ட் களப்பணியில், அதாவது வகுப்போடு சேர்ந்து வாரா வாரம் நடக்கும் களப்பணியில், இரண்டு மாணவர்களை அந்த ஊருக்கே போடுங்கள். மனு நோட்டில் ஒவ்வொரு மனுவுக்கும் எதிரே ஒரு கட்டம் காலியாக விட்டிருப்பீர்கள் அல்லவா, அதில் கிடைத்தது, நிராகரித்தது, நிற்கிறது என்று மாதா மாதம் எழுதுங்கள். நிராகரித்திருந்தால் காரணத்தைக் கேட்டு வாங்கி, மேல்முறையீட்டு மனுவை அந்த வீட்டு ஆளை வைத்தே எழுதுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் அக்டோபர் 2 கிராம சபைக்கும் போய், ஜனவரியில் போட்ட தீர்மானங்கள் என்ன ஆயின என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கத் தொடங்கியிருந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம்.

வரைபடத்தையும் வீட்டுக் கணக்கெடுப்பின் தொகுப்பையும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு, ஒன்று துறைக்கு. காலனியில் வரைந்த படத்தின் தனி நகலைக் காலனியிலேயே, வரைந்தவர்கள் கையில் கொடுங்கள். மனு நோட்டு மட்டும் அடுத்த வருஷப் பொறுப்பாசிரியரிடம் போக வேண்டும். அதை நேரில் கொடுத்து, நிற்கிற மனுக்கள் ஒவ்வொன்றையும் சொல்லி, அவரை ஒருமுறை அந்த ஊருக்குக் கூட்டிப்போய் அங்கன்வாடி டீச்சரிடம் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.